நெட்வொர்க்குக்கு வெளியே

பிளானோ, டெக்சாஸ்
அக்டோபர் 9

அன்புள்ள கலாவதிக்கு, சித்தப்பா நஞ்சுண்டன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், முகுந்த் நலம், அவன் மகள் வெண்பா நலம், உன் சித்தியும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், சித்தியிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக நீ சித்தியிடம் மட்டும் போனில் பேசுகிறாய், நான் எடுத்தால் வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம், காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். டெக்சாஸ் மண்ணின் மீதும் என் பொய்ப்பற்களின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், இதுவரை எவரும் நம்பாத, இனியும் எவரும் நம்பப்போகாத ஒரு கதை இது.

சித்திக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். சரி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் அருவி கொட்டுகிறது, பியானோ ஆளில்லாமல் தானே வாசிக்கிறது, லிஃப்டில் ஏறினால் மேகம் தலையில் இடிக்கிறது, பாதி நோயாளிகள் வாசலிலேயே குணமாகி வெட்கப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, நீங்கள் 'அவுட் ஆஃப் நெட்வொர்க்' என்றாள். இதென்ன பிரமாதம் என்று போனை நீட்டி, நாலு கோடும் இருக்கும்மா என்று காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். கட்டடத்துக்குள் போதவில்லை போலிருக்கிறது என்று கார் நிறுத்தும் ஏழு மாடிக்கும் ஏறி, உச்சியில் ஒற்றைக் காலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். என்னைச் சிலை என்று நினைத்து ஒரு கூட்டம் படம் எடுத்தது, ஹெலிகாப்டர் ஒன்று ஒதுங்கிப் போனது, டல்லாஸ் முழுவதும் இருந்த சிக்னல் என் கையில் வந்து இறங்கியது. வெற்றியோடு கீழே வந்தால் வெண்பா என் சட்டையை இழுத்து, தாத்தா, இட்ஸ் நாட் தட் கைண்ட் ஆஃப் நெட்வொர்க் என்றாள்.

எது அந்த கைண்ட் என்று அப்புறம் தெரிந்தது. முகுந்த் எங்களுக்கு எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இல்லையாம். பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ இன்ஷூரன்ஸ்காரன் முன்னாலேயே அனுமதி தர வேண்டுமாம். மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் 'மருத்துவ அவசியம் இல்லை' என்று கடிதம் வந்தது. நாற்பத்தொரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்த இதயம், அது அவசியம் இல்லையாம். அதற்கே அது நின்றிருக்க வேண்டும், பாவம், இன்னும் ஓடுகிறது. நாங்கள் இங்கே வந்து ஐந்து வருஷம் நிறைந்தால் வயசானவர்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸில் சேரலாம், அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வால்வுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதே. மூன்றாவது கடிதத்தை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது டோல்வே சாலையில் முகுந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். உன் சித்திதான் மெல்லச் சொன்னாள், நம்ம கலாகிட்டயே போயிரலாமுங்க என்று.

அண்ணன் போன பிறகு உன்னை வளர்த்தவன் நான். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பந்தியில் நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். இனி எங்களுக்குத் தும்மல் வந்தாலும் அமெரிக்கா டாக்டர்தான், நம்ம கலா தர்மாஸ்பத்திரியில் நர்ஸா பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இருக்கட்டும் என்றேன். இலை முன்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தர்மாஸ்பத்திரி இல்லீங்க சித்தப்பா, பெரியாஸ்பத்திரி என்றாய், அவ்வளவுதான். இப்போது தர்மம் கேட்டு வருவது யார் பார். முகுந்த் இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறான், அவன் அம்மாவுக்கு வால்வு வைக்கப்போவதோ பெருந்துறையில் சோப்பு வாங்குகிறவள் கட்டும் வரி. இந்தக் கணக்கை என்னவென்று சொல்ல, அம்மிணி.

ஆகையால் தர்மாஸ்ப... அந்தச் சொல்லை அடித்துவிட்டேன் பார், பெரியாஸ்பத்திரி இதய டாக்டரிடம் கேட்டு, கட்டில் எப்போது கிடைக்கும், என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று எழுது. விமானத்தில் போகலாம் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார், முகுந்த் டிக்கெட் போட உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறான். சிபாரிசு வேண்டாம், எங்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள் யாரையும் தள்ளாதே. என் முகத்தில் விழிக்க உனக்கு மனசில்லை என்றால் நான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், சித்தியை மட்டும் உள்ளே கூட்டிப் போ.

அங்கே மழைக்காலம், டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் போகும்போது மெதுவாகப் போ. நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொடுகிற உடம்பெல்லாம் தேறட்டும், உன் கை ஓயாமல் இருக்கட்டும். பதில் மட்டும் மறக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
பிளானோவின் முன்னாள் சக்கரவர்த்தி,
நஞ்சுண்டன்

பி.கு. அந்த மாடிக் கதையை நீ நம்பியிருக்க மாட்டாய். ஹெலிகாப்டர் பொய், கூட்டம் பொய், ஒற்றைக் கால் பொய். ஏறியது மட்டும் நிஜம். உனக்குப் போன் போடத்தான் ஏறினேன். நாலு கோடும் இருந்தது. விரல்தான் வரவில்லை.