கை கழுவ இடமில்லாத சாப்பாட்டு அறை

மார்ச் 4, செவ்வாய்

மதிய இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் என் நாத்தனாரை, நான் நர்ஸாக இருக்கும் ஆலை முதலுதவி அறைக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தையல் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டதாம். சோதித்தேன். சர்க்கரை எக்கச்சக்கம்.

"என்னடி சாப்பிட்ட?"

"கிரீம் பன்னு, அண்ணி."

"காலையில கட்டிக்கிட்டு வந்த சோறு?"

"பையிலதான் இருக்கு. எங்க போய் கை கழுவ?"

கையைக் காட்டினாள். மிஷின் எண்ணெய், துணிச் சாயம். சாப்பாட்டு அறைக் குழாய்களைப் பிடுங்கி, அங்கே தின்பண்ட மிஷின்களை வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. கழிப்பறைக் குழாய் கட்டடத்தின் மறு கோடியில். இடைவேளை இருபது நிமிஷம். உறையோடு பிடித்துத் தின்னக்கூடியதைத்தான் எல்லோரும் தின்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சுவரில் அறிவிப்பு. "தொழிலாளர்களின் உணவுப் பழக்கம் மாறிவிட்டது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவோர் குறைந்துவிட்டதால், உணவு அறையின் பாதி கிடங்காக்கப்படும்."

மாறிவிட்டதாம்! தானாகவா மாறியது? வயிற்றெரிச்சல் என்று என்னிடம் மாத்திரை வாங்க வருகிறவர்களை வந்து பாருங்கய்யா.

மார்ச் 11, செவ்வாய்

சத்துணவு ஆலோசகர் என்று ஓர் அம்மாவை அழைத்து வந்து பேச வைத்தார்கள்.

"மெதுவா, நல்லா மென்னு சாப்பிடணும். பழக்கத்தை நீங்கதான் மாத்திக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மெல்லலாம் மேடம். ஸ்டாப்வாட்ச் சார்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

ஸ்டாப்வாட்ச் என்பது எங்கள் மேற்பார்வையாளருக்குப் பெண்கள் வைத்த பெயர். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவுக்கு அவர் கொடுத்து உபசரித்தது, மிஷினில் எடுத்த குளிர்பானம். அந்த அம்மாவும் குடித்தார்.

மார்ச் 13, வியாழன்

என் அறையில் ஒரு குழாய் இருக்கிறதே! இத்தனை நாள் எனக்கு ஏன் உறைக்கவில்லை? நாத்தனாரை நாளை வந்து கை கழுவிக்கொள்ளச் சொன்னேன். உனக்கு மட்டும்தான் என்றும் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

வரிசை என் வாசலைத் தாண்டி மாடிப்படி வரை நின்றது.

"என்னடி இது?"

"ஏன் அண்ணி, என் கை மட்டும்தான் கையா?"

எல்லோரும் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இடைவேளை முடிந்த மணி அடித்தபோது பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிஷின்கள் சும்மா நின்றன. ஸ்டாப்வாட்ச் ஓடி வந்தார்.

"சிஸ்டர், இது முதலுதவி ரூமா, சத்திரமா?"

"விழுந்தப்புறம் தூக்கறது மட்டுமா சார் முதலுதவி? விழாம பாத்துக்கறதும்தான்."

சொல்லிவிட்டேன். அடுத்தவளுக்குக் குழாயைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

விளக்கம் கேட்டு மெமோ. "பழக்கம் மாறவில்லை, குழாயை எடுத்துவிட்டீர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்று எழுதுகிறேன் — போனால் வீட்டில் என்ன செய்வோம்? நாத்தனாரையும் சேர்த்து அனுப்பிவிட்டால்?

வரிசை இன்றும் நின்றது.

மார்ச் 27, வியாழன்

தையல் தினமும் தாமதமாகத் தொடங்குவதை மேலிடம் கவனித்துவிட்டதாம். பிளம்பர் வந்து சாப்பாட்டு அறைச் சுவரை அளந்துகொண்டு போனார். என் மெமோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாப்பாட்டு அறையில் குழாய்கள் வந்துவிட்டன. கிடங்குப் பேச்சும் நின்றுபோனது. காலையில் பார்த்தபோது நாத்தனாருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது.

மதியம் போய்ப் பார்த்தேன். வரிசை நீளமாக இல்லை. இளம்பெண்களில் பலர் தின்பண்ட மிஷின் முன்னால்தான் நின்றார்கள். என் அறைக்கு வந்து கழுவியவர்களில்கூடச் சிலர். "சோறு தின்னா தூக்கம் வருதுக்கா" என்றாள் ஒருத்தி.

ஸ்டாப்வாட்ச் என் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தீங்களா சிஸ்டர்? பழக்கம் மாறிடுச்சுன்னு அப்பவே நோட்டீஸ் போட்டோம்ல."

"அந்தப் பொண்ணு வேலைக்குச் சேந்ததே குழாயைப் பிடுங்கினப்புறம் சார். இந்த ரூம்ல சோறு தின்னு அவ எங்க பாத்தா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அந்தப் பெண் டப்பாவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு பன்னின் உறையைப் பல்லால் கிழித்தாள்.