«ஐஸ் கிடங்கு» அழிந்த கதை

1974 பிப்ரவரி 12, மான்செஸ்டர்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிநாடா நூலகத்திலிருந்து திருமதி ஆக்டன் படிவத்தோடு வந்தார். நாடா விலை ஏறிவிட்டது; பழைய நாடகத்தை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதிவு செய்வது இங்கே வழக்கம். தயாரிப்பாளர் கையெழுத்து ஒன்று போதும். பட்டியலில் ஏழாவது: «ஐஸ் கிடங்கு», ஆறு பாகங்கள், தயாரிப்பு ராட்னி விஷார்ட். அவன் துறைத்தலைவனாகி லண்டனுக்குப் போய்விட்டதால் அவனுடைய பழைய மூட்டைகள் எல்லாம் என் மேஜையில்.

க்ரிம்ஸ்பி துறைமுகத்து மீனவக் குடும்பத்தின் கதை. என் யோசனை. கான்டீனில், வெந்த முட்டைக்கோஸ் நாற்றத்துக்கு நடுவே, நண்பன் என்று நம்பி அவனிடம் சொன்னேன். மூன்றே வாரத்தில் அவன் பெயரில் அறிவிப்பு வந்தது.

"கொஞ்சம் யோசிச்சுக்கோங்க சார், நல்லா ஓடின நாடகம்" என்றார் ஆக்டன்.

ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன். கையெழுத்தைப் போட்டேன்.

பிப்ரவரி 13

நன்றாகத் தூங்கினேன்.

1981 நவம்பர் 3

என்னுடைய «கால்வாய்க் கரை» மறு ஒளிபரப்பு. கேம்பிரிட்ஜில் படித்த நான் எடுத்த நாடகம். முதல் காட்சியிலேயே கதவைச் சாத்தியதும் செங்கல் சுவர் ஆடுகிறது. இதை எவன் பத்திரப்படுத்தி வைத்தான்?

1986 மே 20

பத்திரிகையில் ஒரு பக்கம்: நாம் இழந்த மாபெரும் நாடகங்கள். முதலிடம் «ஐஸ் கிடங்கு». எழுதிய விமர்சகனுக்கு அது வந்தபோது வயது நான்கு இருக்கலாம். யாரும் பார்க்க முடியாத நாடகத்தில் சுவர் எப்படி ஆடும்? ராட்னியை நானே கோயில் கட்டி உள்ளே உட்கார வைத்திருக்கிறேன்.

1991 மார்ச் 8

ராட்னி சாப்பிடக் கூப்பிட்டான். போயிருக்கக் கூடாது. மாட்டுச் சிறுநீரகம் வைத்து அவித்த புட்டிங் வரும்வரை பொறுத்திருந்து சொன்னான்:

"அழிச்சது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்யா. ஆக்டன் அம்மா சொல்லிட்டாங்க. நீ நல்லா இருக்கணும். அது மகா மட்டம். புயல் காட்சியில வாளித் தண்ணியை ஊத்தினது அப்படியே தெரியும். நீ மட்டும் கையெழுத்துப் போடலைன்னா நான் மேதை ஆகியிருப்பேனா?"

பழிவாங்கியதற்கு நன்றி வாங்கியவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான்.

1993 ஜூன் 14

நியூசிலாந்திலிருந்து கடிதம். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில், அந்தக் காலத்தில் அங்கே விற்ற «ஐஸ் கிடங்கு» நான்காம் பாகத்தின் படச்சுருள் கிடைத்திருக்கிறதாம். கோப்பில் கடைசியாக என் பெயர் இருப்பதால் என்னைக் கேட்கிறார்கள். அனுப்பவா, எறியவா?

கடவுள் இருக்கிறார்.

ஜூன் 16

ராட்னிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போனில் குரலே வேறு. "பழையபடி ஒரு கையெழுத்துப் போட்டுடேன்யா. இந்த வயசுல என்னைச் சந்தி சிரிக்க வைக்காதே." கெஞ்சினான். இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்? அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். திரையிடப் பெரிய அரங்காகப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 2

தனியாகப் போட்டுப் பார்த்தேன். வாளி தெரிகிறது. அதைப் பார்த்து உரக்கச் சிரித்தேன்.

பிறகு அந்த மீனவனின் மனைவி. படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அவள் கிடங்கு வாசலில் மீன் அரிந்துகொண்டிருக்கிறாள். அவள் கணவன் போன கடைசிப் படகு வரவில்லை. தலையை நிமிர்த்தவே இல்லை, அரிந்துகொண்டே இருக்கிறாள் – நான்கு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது.

நான் எடுத்திருந்தால் வசனம் வைத்திருப்பேன். கண்டிப்பாக வைத்திருப்பேன்.

அயோக்கியன்.

செப்டம்பர் 3

ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சுருளுக்குத் தீ வைத்தால் அவனுக்கு உதவி. திரையிட்டால் அவனுக்குப் புகழ். மற்ற ஐந்தையும் அழித்தது நான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்டோபர் 21, லண்டன்

முந்நூறு பேர். வரமாட்டேன் என்ற ராட்னி வந்து, என் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாளி வந்தபோது அரங்கம் சிரித்தது. என் சட்டைக் கையை இறுகப் பிடித்தான். அந்த நான்கு நிமிஷம் ஒருவரும் இருமவில்லை. அவனோ கண்ணைத் திறக்கவே இல்லை, முட்டாள்.

அக்டோபர் 24

ராட்னி மறுபடி போனில். நிஜமாகவே நன்றாக இருந்ததா என்று ஐந்தாவது தடவையாகக் கேட்டான். நான்கு தடவையும் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை அந்த நான்கு நிமிஷத்தைப் பற்றிச் சொன்னேன்.