ஐராவதத்தின் பின்பக்கம்

ஜூலை 3, புதன்

பூங்காவில் இன்று யானை இறங்கியது. ஃபைபர் ஐராவதம், நான்கு தந்தம். பூங்கா நண்பர்கள் குழுவின் செயலாளர் என்ற முறையில் கிரேனுக்கு நானே கை காட்டினேன். சிற்பி குணசேகரன் மலைக்கோயிலைப் பார்த்து நிறுத்தினார். பிரமாதம்.

வீட்டில் விஜி, "இந்த ஆடிக்காவது கூழ் ஊத்தறதுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா?" என்றாள். ஆடிக் கிருத்திகைக்கு என் சொந்தக்காரர்கள் காவடியோடு வந்து இறங்குவார்கள். யார் சமைப்பது? அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். போன வருடமும் இதையேதான் சொன்னேனாம்.

ஜூலை 5, வெள்ளி

ஊரே திரண்டுவிட்டது. யானை தப்பாக நிற்கிறதாம். மகள் தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த யானை. அது போனபின் அவன் வீடு களையிழந்தது. முகமாவது எங்கள் பக்கம் இருக்கட்டும் என்று கேட்டானாம். அதனால்தான் மலைக்கோயில் யானை முருகனுக்கு முதுகு காட்டி, இந்திரனின் திசையான கிழக்கே பார்க்கிறது. இந்த ஊரில் பிறந்த எனக்கு இது எப்படி மறந்தது?

"பொறந்த வூட்டப் பாக்கறதுக்குக்கூட வுட மாட்டீங்களா?" என்று பூக்கார அம்சா கத்தினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. உடனே திருப்பினோம்.

ஜூலை 9, செவ்வாய்

இப்போது யானையின் பின்பக்கம் வேதாசலம் மெஸ் வாசலுக்கு நேராக. "இட்லி துன்றவனுக்கு எதுக்க இதுவாங்க?" என்கிறார். உண்ணாவிரதம் இருக்கப் போகிறாராம். மெஸ்ஸுக்குள்ளேயே.

ஜூலை 12, வெள்ளி

தீர்வு! என் யோசனைதான். யானைக்கு அடியில் பேரிங். சாப்பாட்டு வேளையில் மெஸ்ஸைப் பார்க்கும், மற்ற நேரம் கிழக்கு.

ஜூலை 19, வெள்ளி

ஆடிக்காற்று. யானை தானாகவே சுற்றுகிறது. காலை நடைக்கு வந்தவர் ஒருவரைத் தும்பிக்கை தள்ளிவிட்டது. முகத்துக்கு நேராகச் சூடம் காட்ட அம்சா தட்டோடு கூடவே ஓடுகிறாள்.

விஜியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அதுனாச்சும் சுத்துது" என்றாள். என்ன அர்த்தம்?

ஜூலை 28, ஞாயிறு

காலையில் விஜி இல்லை. அடுப்பு துடைத்துக் கிடந்தது. போன் செய்தேன்.

"மணவூர்ல எங்கம்மா வூட்ல கீறேன்."

"நாளைக்குக் கிருத்திகை! எல்லாரும் வந்துகினு இருக்காங்க விஜி!"

"யானை எந்தப் பக்கம் பாத்துகினு கீது?"

போனும் கையுமாகப் பூங்காவுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன்? காற்று நின்றிருந்தது. "கிழக்க" என்றேன் மூச்சு வாங்க.

"அப்டியே வுட்டுடுங்க." வைத்துவிட்டாள்.

மணவூரும் கிழக்கேதான் இருக்கிறது. இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை. யானைக்காகக் கண் கலங்கியவன் நான் — சீ! சொந்தக்காரர்களை வேதாசலம் மெஸ்ஸுக்கு அனுப்பினேன். அவர் மறுபடி அறிவித்திருந்த உண்ணாவிரதத்தைத் தள்ளிவைத்தார்.

ஜூலை 30, செவ்வாய்

யானையைக் கிழக்கே பார்த்து வெல்டிங் வைத்தாயிற்று. வேதாசலம் மெஸ் வாசலை அடுத்த தெருப் பக்கம் இடித்துத் திறக்கிறார்.

விஜி எப்போது வருவாள்? கேட்கவில்லை. ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரக்கோணம் தாண்டியாயிற்று. மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். மாமியார் வீட்டில் என்னை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பார்களோ தெரியவில்லை.