சுவரைப் பார்த்த படம்

அன்புள்ள அக்கா,

போன வெள்ளிக்கிழமை நம் லயத்து வரிசையில், உங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் ஜெபத்துக்கு இருந்தவர்கள்: நான், உங்கள் மகள் எஸ்தர், அடுத்த காம்பிரா மேரி அக்கா, டவுனிலிருந்து வந்த புதுப் போதகர். வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் உங்கள் படங்கு தொங்கியது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டுவீர்களே, அந்த முரட்டுத் துணிதான். மழை ஈரத்தில் இன்னும் கொழுந்துக் கறை மணக்கிறது.

போதகர் அதைக் காட்டிச் சொன்னார்: "விசுவாசம் மட்டும் முழுசா இருந்திருந்தா, அந்தச் சகோதரி இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாங்க."

எஸ்தர் தலை குனிந்தாள். நான் எழுந்தேன்.

"ஐயா, அப்ப சிலுவையில செத்தாரே, அவருக்கும் விசுவாசம் பத்தலையா?"

"சகோதரி, மொதல்ல ஒக்காருங்க."

"நிக்கிறேன் ஐயா. அவரு யாருன்னு சொல்லுங்க, ஒக்காருறேன்."

மேரி அக்கா முந்தானைக்குள் சிரித்தார். "ஐயா, இவ புருசனையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறவ. நீங்க தேத்தண்ணிய குடிங்க." போதகர் குடித்தார்.

'அவரு யாரு' என்ற அந்தக் கேள்வி உங்களுடையது, அக்கா. கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த புதிதில், மற்றச் சாமி படங்களோடு இயேசு படத்தையும் மாட்டினேன். வீட்டுக்காரர் குடியை விட்டால் மெழுகுவர்த்தி கொளுத்துவதாக நேர்ந்தேன். அவர் விடவில்லை. கோபத்தில் இயேசு படத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சீனி கேட்டு வந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"அடியேய், அவரு என்ன நம்ம பெரட்டுக்கு வேலை கேட்டு வந்த ஆளா? வேலை சரியில்லன்னு காலையில பேரு போடாம திருப்பி அனுப்புறியே! தருவாரா மாட்டாராங்கிறது இருக்கட்டும். மொதல்ல அவரு யாருன்னு பாரு."

அதைப் பார்க்கவே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். சுவிசேஷத்தில் நான் கண்டவர் கூலிக்கு வந்த ஆள் அல்ல. நண்பனின் கல்லறை முன்னால் அழுதவர், சீஷர்களின் காலைக் கழுவினவர், எனக்காகச் செத்து எழுந்த என் கடவுள். வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். நேராக்கிய அந்தப் படத்தை நான் மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. குடித்துவிட்டு வருகிறவருக்குச் சோறு போடுகிறேன். அடிக்க ஓங்கினால் கையைப் பிடிக்கிறேன். இரண்டுக்கும் பலம் இயேசுவிடமிருந்தே வருகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "பொழைச்சாலும் செத்தாலும் அவரு அவருதான்டி" என்றீர்கள். அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நான் எழுந்து நிற்பேன்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு மறுநாள் காலை உங்கள் காம்பிராவுக்குப் போனேன். அங்கே இயேசு படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா அவருகிட்ட கேட்டது கொஞ்சமா, சித்தி?" என்றாள் எஸ்தர். "ஏன் தரல?"

"எனக்குத் தெரியாது புள்ள. போதகருக்கும் தெரியாது. ஒங்கம்மா யார நம்புனாங்கன்னு மட்டும் தெரியும். ஒனக்கு அவரு யாரு?"

 படத்தை நோக்கிப் போன என் கையை நானே இழுத்துக்கொண்டேன். அது அவள் திருப்ப வேண்டியது.

ஜெபத்தை நிறுத்தமாட்டேன், அக்கா. வருகிற வெள்ளியும் உங்கள் காம்பிராவில்தான், போதகர் வந்தாலும் வராவிட்டாலும். உங்களைப் போலவே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: ஆண்டவரே, நீங்க யாருன்னு அந்தப் புள்ளைக்குக் காட்டுங்க. சீக்கிரம் பதில் சொல்லுங்க.