அலமாரியில் இருந்த போன்

மார்ச் 3
இன்றும் அண்ணியின் போனில்தான் அம்மாவைப் பார்த்தேன். வீடியோ கால், காசு கிடையாது. குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் "சாப்டியாம்மா?" என்று கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பதில்லை, அண்ணியைப் பார்க்கிறாள். திரையின் ஓரத்தில் அண்ணியின் வாய் அசைகிறது, சத்தமில்லாமல். அதற்குப் பிறகுதான் பதில் வருகிறது. "சாப்டேன். நல்லா இருக்கேன்." எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாளா?

மார்ச் 5
அம்மாவின் பழைய பட்டன் போன் எங்கே என்று கேட்டேன். "அலமாரியில கிடக்கு. இப்ப எதுக்கு அது?" என்றாள் அண்ணி. எதுக்கா! அந்த போனில் பேசியபோதெல்லாம் பக்கத்தில் காவலுக்கு ஆள் இல்லை.

"சார்ஜ் போட்டு அம்மா கையில கொடுங்க" என்றேன். முகம் மாறியது. நான் பார்த்தேன்.

மார்ச் 6
நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில், விரிப்பு மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்கும் அக்காவிடம் சொன்னேன். "நேரா அம்மா போனுக்கே அடிடி" என்றாள். சொல்வது சுலபம். இந்த நாட்டிலிருந்து வெளிநாட்டு ரேட்டில் அழைத்தால் அம்மா ஹலோ சொல்வதற்குள் பேலன்ஸ் காலி.

மார்ச் 8
அக்கா சொன்ன போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். "அந்தப் பக்கம் நெட்டே வேணாம்மா. சாதாரண போனுக்கே போகும், ரேட்டும் ரொம்பக் கம்மி" என்றார். இவ்வளவு மலிவு என்றால் எங்கோ இடிக்கும். இருந்தாலும் கொஞ்சம் காசு போட்டேன்.

மார்ச் 9
அண்ணி தையல் கடை வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போகிறதென்றால் சார்ஜ் இருக்கிறது. பிறகு ஏன் — எடுக்கவிடாமல் வெச்சிருக்காளா? எங்கம்மாவயா?

அண்ணனைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். "உன் பொண்டாட்டி அம்மாவ அடைச்சு வெச்சிருக்கா, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றேன். "வாய அடக்கு" என்று வைத்துவிட்டான். அவனும் கூட்டுதான்.

மார்ச் 12
அம்மா எடுத்தாள்!

"ஹலோ... யாரு? பேசுங்க." நான்தாம்மா, நான்தாம்மா என்று கத்தினேன். "ஒண்ணும் கேக்கலையே... யாருங்க?" அவள் பின்னால் குழாயில் தண்ணீர் விழுவது கூட எனக்குக் கேட்கிறது. என் குரல் மட்டும் போகவில்லை. வைத்துவிட்டாள்.

மலிவுச் சரக்கு. நினைத்தது சரியாகிவிட்டது.

மார்ச் 13
கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. என் போனிலிருந்தே ஊரிலிருக்கும் தன் மனைவிக்கு அழைத்து, என்னைப் பேசச் சொன்னார். "ஹலோ, கேக்குதா?" என்றேன். "நல்லா கேக்குதுங்க. ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றார் அந்த அம்மா.

"லைன்ல குத்தம் இல்லம்மா" என்றார் கடைக்காரர். பிறகு சற்றுத் தயங்கி, "உங்க அம்மாவுக்குக் காது எப்படி?" என்று கேட்டார்.

கடையை விட்டு வெளியே வந்தேன். பேருந்தை விட்டுவிட்டு நடந்தேன்.

மார்ச் 14
தையல் கடைக்கு அழைத்தேன். அண்ணியிடம் தனியாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்குக் காது கேக்கலையா அண்ணி?"

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"போன வருஷத்துலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. பக்கத்துல நின்னா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. உன் முகம் வீடியோவுல விட்டு விட்டு வருதில்ல? அதான் நீ கேக்கறத நான் வாயசைச்சுக் காட்டுவேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க. வேலைய விட்டுட்டு வந்துடுவியாம்."

"அன்னைக்கு போன் எடுத்தாங்களே?"

"மடியில அதிர்ந்துச்சாம். யாரோ தெரியல, பேசவே இல்லன்னு சொன்னாங்க."

அண்ணன் நான் சொன்னதைச் சொல்லிவிட்டானா என்று கேட்டேன். சொன்னானாம். அதைக் கேட்டு அண்ணி அழுதாராம். "நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்" என்றார். இல்லை, அவர் நினைத்திருக்கமாட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

மார்ச் 17
அண்ணி அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கருவி வைத்தால் ஓரளவு கேட்குமாம். அம்மா வேண்டாம் என்கிறாளாம், அசிங்கமாக இருக்குமாம். "நீ சொல்லு, உன் பேச்சத்தான் கேப்பாங்க" என்கிறார். நான் சொன்னால் எனக்குத் தெரிந்துபோனது தெரிந்துவிடுமே. தெரியட்டும் என்று முடிவு செய்தோம். இருவரும் சேர்ந்து.

மார்ச் 26
சாப்பாட்டு இடைவேளையில் தையல் கடைக்கு அடித்தேன். "என்ன, அத்தைகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி, சும்மாதான்."

சும்மா பேசிக்கொண்டிருந்தோம், இடைவேளை முடிந்து சங்கு ஊதும்வரை.