குசினிக்கு ஒரு ஜன்னல்

பதுளை
07.07.2024

அன்புள்ள முஷ்ரிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். கடைச் சோறு தின்று வயிறு மட்டும் சுகமில்லை. "பேச வேண்டியத எழுதுங்க, அப்பதான் நடுவுல கத்த மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு உன் உம்மா வீட்டுக்குப் போனாய். போனையும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பொம்மை ரயில் ஸ்டேஷன் முடிந்துவிட்டது. தேயிலைப் பக்கெட்டின் வெள்ளித்தாளைச் சீப்பின் மேல் வைத்துத் தேய்த்தேன், அச்சு அசல் கூரைத் தகரம். ஆட்கள் உட்காரும் வாங்குகளுக்குத் தீக்குச்சி, மணிக்கூட்டுக்கு நம் கடைச் சட்டைப் பொத்தான். லண்டனிலிருந்து பஸீல் நானா அனுப்பிய ரயிலுக்கு ஏற்றபடி எல்லாம் நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. அடுத்த மாதம் கொழும்பில் கண்காட்சி.

விசேஷத்தைக் கேள். பாதையோரமாக நம் கடையையும் மேல்மாடி வீட்டையும் செய்திருக்கிறேன். கட்டில், உன் தையல் மெஷின், குசினியில் அடுப்பு, அகப்பை, ஒன்றும் விடவில்லை. ஆனால் குசினி இருட்டாக இருந்ததில் அகப்பை கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினேன், மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வசதியாகக் கூரையோரத்தில். அரை மணி நேர வேலை. எவ்வளவு வெளிச்சம் தெரியுமா! கோபத்தை விட்டுவிட்டு வந்து பார்.

உன்,
புவாத்

மொனராகலை
12.07.2024

புவாத் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

அரை மணி நேரமா? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் உங்களிடம் கேட்டது அந்த ஜன்னல் ஒன்றைத்தான். "குசினிக்கு என்னத்துக்கு ஜன்னல்? ரோட்டப் பாத்துக்கிட்டா ஆக்கப் போற?" என்றீர்கள். இருந்த ஒரே வெளிச்சுவரையும் உங்கள் அட்டை, பசை, குடைக்கம்பி வைக்கும் அலுமாரி மூடிக்கொண்டது. புகையில் நிற்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லி நான் வீடு வந்த அன்று, நீங்கள் அந்த அலுமாரிக்கு இன்னொரு தட்டு அடித்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் நான் பஸ் ஏறியது எதற்கு என்று இன்னும் விளங்கவில்லையா? அகப்பை தெரியவில்லை என்று சுவரை வெட்டத் தெரிந்த மனுஷனுக்கு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றவளை மட்டும் தெரியாமல் போய்விட்டது.

நிஜச் சுவரில் ஜன்னல் வைக்காமல் நான் வரமாட்டேன். இது வீம்பு இல்லை, முடிவு.

முஷ்ரிபா

பதுளை
16.07.2024

அன்புள்ள முஷ்ரிபாவுக்கு,

ஸலாம். ஏன் இவ்வளவு கோபம்? அது அட்டை, பிளேடால் வெட்டலாம். இது கருங்கல் சுவர். அலுமாரியைக் கழற்றினால் சாமானெல்லாம் சிதறிப்போகும், பாக்கியிருக்கும் பொம்மைப் பாலத்தை முடிக்க முடியாது, கண்காட்சியும் போய்விடும். எத்தனை வருஷ உழைப்பு என்று உனக்குத் தெரியாதா? அது முடியட்டும், இன்ஷா அல்லாஹ் பார்ப்போம். அதுவரை வந்து இரு. உன் உம்மாவுக்குச் சுகமில்லை என்று பக்கத்து வீட்டு ஜெனீரா ராத்தாவிடம் சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

புவாத்

மொனராகலை
19.07.2024

புவாத் அவர்களுக்கு,

என் உம்மா கல்லுமாதிரி இருக்கிறா. அவவை நோயாளி ஆக்க வேண்டாம்.

"பார்ப்போம்" என்ற சொல்லோடுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன். இனி முடியாது. இங்கே பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் இல்லாமல் இருந்துவிடலாம். இருக்க விருப்பமில்லை, அதையும் ஒளிக்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். கடைச் சோறு வேண்டாம். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், நம் குசினியில் நீங்களே ஆக்கிச் சாப்பிடுங்கள். பிறகு எழுதுங்கள்.

முஷ்ரிபா

பதுளை
31.07.2024

அன்புள்ள முஷ்ரிபாவுக்கு,

ஸலாம். முதல் நாள் பருப்பு கருகியது, சிரித்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மீன் பொரித்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்து இருமினேன். நீயும் அங்கேதான் உட்கார்ந்து இருமுவாய். நான் மேசையை விட்டு எழும்பாமல் "தண்ணி குடி" என்று சத்தம் போடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அலுமாரியைக் கழற்றிவிட்டேன். கண்காட்சிக்கு வரவில்லை என்று கொழும்புக்கும் சொல்லியாயிற்று. கணபதி மேசனைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்தோம். அளவை நானே கொடுத்தேன், சின்ன வீட்டு ஜன்னலை அளந்து எழுபத்தாறால் பெருக்கி. "இம்புட்டு ஒசரத்துலயா வைக்கிறது, மொதலாளி?" என்று மேசன் கேட்டார். அளவு அளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஒரு நூல் பிசகவில்லை! நிலை செய்து வர இன்னும் ஒரு கிழமையாகுமாம். இனியாவது வா.

உன்,
புவாத்

மொனராகலை
04.08.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் மீன் பொரித்து அழுததை வாசித்து இரக்கப்பட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சந்தோஷப்பட்டேன். கண்காட்சியை விட்டதை வாசித்தபோதுதான் மனம் தாங்கவில்லை. அதற்காக நீங்கள் எப்படிக் கிடந்து உழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நேற்று ஜெனீரா ராத்தா போனில் கோல் எடுத்தா. "ஒன்ட மாப்புள வெச்ச ஜன்னல் காக்காவுக்குத்தான் ஒதவும். நீ ஏணியில ஏறித்தான் பாக்கோணும்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறா. மச்சான், மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நீங்கள் வெட்டிய ஜன்னல் அது. நான் உள்ளே நின்று வெளியே பார்க்கப் போகிறவள். மேசன் கேட்டபோதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாமே.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உடைத்த ஓட்டையை அடைக்க வேண்டாம், புகை போகட்டும். நிலையை மட்டும் பதிக்க விடாதீர்கள். நான் வந்து அடுப்புக்கு முன்னால் நின்று, என் கண்ணுக்கு நேரே சுவரில் கரியால் ஒரு கோடு போடுவேன். மேசன் நிற்கட்டும். ஆனால் அந்த இடத்தை நீங்கள் உங்கள் கையாலேயே உடைக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நமுனுகுல மலை எனக்குத் தெரிந்த பிறகுதான் பையைப் பிரிப்பேன்.

உங்கள்,
முஷ்ரிபா