மருந்துக்கடைக்காரன் எடுத்த வகுப்பு

12-8-91, திங்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் இன்று வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். டாக்டருக்குப் படிக்கிறவர்கள். கையில் அச்சடித்த தாள். வீடு வீடாகப் போய், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மருமகளிடம், "வெள்ளை படுகிறதா? கணவருக்கு வேறு தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். எவள் வாயைத் திறப்பாள்? தாள் பூராவும் "இல்லை".

என் கடை நிழலில் தண்ணீர் குடித்தபடி ஜோயல் என்கிற பிள்ளை, "இந்த ஊர்ல இந்த நோயே இல்ல சார்" என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கீது தம்பி. ஒங்ககிட்ட வராது. என் கடைக்கு வரும்."

அவர்களுடைய பேராசிரியை எழிலரசி டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டார். புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு வந்து இதையே பாடமாகச் சொல்ல வேண்டுமாம். எட்டாவது ஃபெயில் நான்! கடை லைசென்ஸே மச்சான் பேரில்.

13-8-91

சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது கூடப் போட்டதில்லை.

14-8-91, புதன்

உள்ளதை உள்ளபடி சொன்னேன். குவாரி லாரி ஓட்டுகிறவன் வந்து "ஒடம்பு சூடுண்ணா" என்பான். சூடு என்றால் வெட்டை நோய். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் நாலு கேப்ஸ்யூல் வாங்குவான். எரிச்சல் அடங்கினால் மீதிக்கு வரமாட்டான். பெண்டாட்டிக்கு ஒட்டிக்கொண்டால்? ஆஸ்பத்திரி போகத் துணை வேண்டும், துணைக்கு வருகிறவள் மாமியார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். அப்புறம் அதனாலேயே பிள்ளை இல்லையென்றால் பழி அவள் தலையில். அப்படி ஒருத்தி இருக்கிறாள், கல்யாணமாகி ஆறு வருஷம், புருஷனுக்கு ரெண்டாவது பெண் பார்க்கிறார்கள் என்றேன். பேர் சொல்லவில்லை.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சுபஸ்ரீ என்ற பெண் மட்டும் பேனாவை மூடிவிட்டு, "அந்தம்மாவுக்கும் மருந்து வேணும்னு அவர்கிட்ட சொன்னீங்களா சார்?" என்றாள்.

சொல்லவில்லை. சைக்கிளில் பீடிக்கட்டு விற்று ஆரம்பித்தவன் நான். கண்டதை வெளியே சொல்லாததால்தான் கடை நின்றது. ஆனால் அவனிடமே சொல்வதற்கு என்ன கேடு?

17-8-91, சனி

பேர் சொல்லாவிட்டால் என்ன! குவாரி லாரி, ஆறு வருஷம், ரெண்டாவது பெண் — இந்த ஊரில் அது ஒரே வீடு. அன்று டீ கொடுத்த ஆயா கனகமும் அதே தெரு. என் புத்தி எங்கே மேயப் போச்சு?

தணிகாசலம் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னாய்யா, டாக்டருங்களுக்குப் பாடம் நடத்த என் மானந்தான் கெடச்சுதா? அம்சவல்லி தெருவே பாக்க கேக்கறா, ஒனக்கு இன்னா சீக்குன்னு!"

"நான் பேசுனது தப்பு தணிகா. ஒத்துக்கறேன். நீ மூணு வருசமா வாங்கினு போனது பொய்யா? ரெண்டாவதா ஒருத்தியக் கட்டி அவளுக்கும் இதத்தான குடுப்ப?"

கையை ஓங்கினான். இறக்கினான். போய்விட்டான்.

23-8-91

படப்பை ஆள் ஒருவன் நாலு கேட்டான். வூட்டுக்காரியோட டாக்டர்கிட்ட போய் சீட்டு வாங்கினு வா என்றேன். "நீ இன்னா, கலெக்டரா?"

29-8-91

டாக்டரம்மாவிடம் என் பிசகைச் சொன்னேன். "அதையும் பசங்களுக்கு சொல்லித்தான் ஆகணும்" என்றார். தணிகாசலமும் அம்சவல்லியும் வந்தார்களா என்று கேட்டேன். "யார் வந்தாங்க, வரலைங்கறத நான் சொல்லக் கூடாது, கண்ணப்பன்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

9-9-91, திங்கள்

அம்சவல்லி தனியாக வந்தாள். கடையில் நாலைந்து ஆம்பிளைகள். சீட்டை விரித்து வைத்தாள். அதில் ரெண்டு பெயர் இருந்தது, அவளுடையதும் அவனுடையதும். வழக்கம்போலக் காகிதத்தில் சுற்றப் போனேன்.

"சுத்த வாணாம். அப்டியே குடு."

கொடுத்தேன், ரெண்டு பேருக்கும் முழுசாக.

"பொண்ணு வூட்டுக்கு அவரே போயி வாணாம்னு சொல்ட்டாரு. புள்ள தங்குமான்னு டாக்டரம்மா இன்னும் சொல்லல." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எத்தினி வருசமாத் தெரியும்?"

"மூணு."

"தங்கச்சின்னுதான கூப்டுவ என்னிய" என்றாள். படி இறங்கிவிட்டாள்.